விடிந்தும் திறக்காத கதவு

ஆனைவாரியில் சூரியன் கிளம்பும் நேரத்தில் எந்த வீட்டு வாசல் கதவு சாத்திக் கிடக்கிறதோ அந்த வீட்டில் சாவு விழுந்திருக்கிறது என்று அர்த்தம், அதனால் தை மாதத்து செவ்வாய்க்கிழமை ஒன்றில் இடியாப்பக்கார உலகம்மாள் வீட்டுக் கதவு விடிந்த பிறகும் திறக்காமல் கிடந்ததைப் பார்த்த பக்கத்து வீட்டுப் பெண்கள் கோலப்பொடிக் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு, கொண்டையை அவிழ்த்துக்கொண்டு, போனது யார் என்று தெரியாமலேயே வாசலில் உட்கார்ந்து மாரடித்து அழ ஆரம்பித்தார்கள்.

உள்ளே ஒருவரும் சாகவில்லை. உலகம்மாள் அன்றைக்குக் கடைகளுக்குப் போக வேண்டிய இடியாப்பம் முழுவதையும் பிழிந்து அவித்துத் தட்டுகளில் அடுக்கி வைத்திருந்தாள், அவள் புருஷன் ஆவுடையப்பன் மினிபஸ் கண்டக்டர் சட்டையை மாட்டி, தோல்பையைக் குறுக்கே போட்டுக்கொண்டு, கதவை இழுத்து இழுத்து வியர்த்து நின்றான், தாழ்ப்பாள் விலகித்தான் இருந்தது, பூட்டு திறந்துதான் இருந்தது, கதவு மட்டும் நிலையோடு சேர்த்து வார்த்ததுபோல அசைய மறுத்தது. வெளியே யாரோ ஒருத்தி அவன் பெயரைச் சொல்லி, சில்லறை இல்லாதவனைக்கூட இறக்கிவிடாத மகராசன் போனானே என்று ராகம் இழுத்தது காதில் விழுந்ததும் அவன் ஜன்னல் கம்பியில் முகத்தை வைத்து, "நிறுத்துங்கட்டி, நான் உசிரோடதான் இருக்கேன், கதவுதான் செத்துப்போச்சு" என்று கத்தினான். அழுதவர்களுக்கு அது பிடிக்கவில்லை. வீணாக அழவைத்த வீடு விளங்குமா என்று முணுமுணுத்துக்கொண்டே கொண்டையை முடிந்து எழுந்து போனார்கள்.

ஒரு மணி நேரம் போனதும் யாரும் தொடாமலேயே கதவு ஒரு முனகல் முனகித் தளர்ந்தது. ஆவுடையப்பன் ஓடினான், முதல் ட்ரிப் போய்விட்டிருந்தது. உலகம்மாள் மட்டும் கதவுக்கு எதிரே நின்று தன் இரண்டு கைகளையும் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அன்று காலை எழுந்ததிலிருந்து அந்தக் கைகள் வலிக்கவே இல்லை.

மகள் ஆறாம் வகுப்புப் படிக்கும்போது வலது கை விரல் கணுக்களில் வந்து உட்கார்ந்த வலி அது, மகள் வளர்ந்து கல்யாணமாகிச் செங்கோட்டைக்குப் போய்ப் பிள்ளை பெற்ற பிறகும் போகாமல், இடது கைக்கும் மணிக்கட்டுக்கும் முழங்காலுக்கும் பாதத்துக்கும் தன் சொந்தபந்தங்களையெல்லாம் கூட்டிவந்து குடிவைத்த வலி. விடியுமுன் எழும்போது விரல்கள் கல்லைப் பிடித்த மாதிரி இறுகிக் கிடக்கும், வெந்நீர்ச் சட்டியில் கையைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு விரலாக அவள் பிரித்தெடுப்பாள், பிரிந்த விரல்களால் மாவைப் பிசைந்து, பல்லைக் கடித்துக்கொண்டு இடியாப்ப உரலைத் திருகுவாள், வீடு கண்விழிக்கும்போது வாசல் திறந்திருக்கும், தண்ணீர் தெளித்திருக்கும், கோலம் போட்டிருக்கும், இடியாப்பம் ஆவி பறக்கும். கோலத்தில் ஒரு புள்ளி கோணினால் மட்டும்தான் அந்த வீட்டில் அவள் கையைப் பற்றிப் பேச்சு வரும். அவளும் எண்ணெய் போட்டாள், கட்டுப் போட்டாள், மருந்துக்கடைக்காரர் காகிதத்தில் மடித்துத் தந்த கலர் மாத்திரைகளை விழுங்கி வயிற்றைப் புண்ணாக்கிக்கொண்டாள். "வேலை செய்யுத கை வலிக்கத்தான் செய்யும்" என்றான் ஆவுடையப்பன், கோபமாகச் சொல்லவில்லை, வெயிலடிக்கிறது என்று சொல்வதுபோலச் சொன்னான், அதனால்தான் அவளால் அதை மன்னிக்க முடியவில்லை.

ஐப்பசி மழையோடு ஜெயசீலி டாக்டர் வந்து சேர்ந்தாள். தூத்துக்குடிப் பக்கத்துக்காரி, மூட்டுவாதத்துக்கென்றே தனியாகப் படித்தவள், பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ரேடியோ ரிப்பேர் கடையாக இருந்த இடத்தை வாடகைக்குப் பிடித்து போர்டு மாட்டினாள். இப்போதுதான் யாரோடோ சண்டை போட்டுவிட்டு வந்தவள்போல எந்நேரமும் ஒரு முகம். மூட்டுவலிக்கு ஒரு படிப்பா என்று ஊர் சிரித்தது, அவள் திருப்பிச் சிரிக்கவில்லை.

"எத்தனை வருஷமா இருக்கு?" என்று கேட்டாள் டாக்டர். உலகம்மாள் சொன்னாள்.

"இத்தனை வருஷம் என்ன செஞ்சிட்டிருந்தீங்க?"

"இடியாப்பம் பிழிஞ்சிட்டிருந்தேன்."

டாக்டர் அவள் கையைப் பிடித்து, ஒவ்வொரு கணுவாக, கட்டைவிரல் நகம் வெளுக்கும் அளவுக்கு அழுத்திக்கொண்டே போனாள், கண் மட்டும் கையைப் பார்க்காமல் உலகம்மாளின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தது. எல்லாம் முடிந்த பிறகு கேட்டாள், "காலையில எந்திரிச்சதும் கை விரிய எவ்வளவு நேரம் ஆகும்?"

இத்தனை வருஷத்தில் அந்தக் கேள்வியை ஒருத்தரும் அவளிடம் கேட்டதில்லை. எண்ணெய் போட்டவர் கேட்கவில்லை, கட்டுப் போட்டவர் கேட்கவில்லை, பெற்ற மகள் கேட்கவில்லை, ஒரே பாயில் படுத்தவன் கேட்கவில்லை. "ஒரு மணி நேரம்" என்று சொன்ன கையோடு அவளுக்கு அழுகை வந்துவிட்டது, இப்படிப்பட்ட சிடுமூஞ்சி முன்னால் அழுகிறோமே என்று அவளுக்கு அவள் மேலேயே ஆத்திரமும் வந்தது.

"அழுது முடிச்சிட்டுச் சொல்லுங்க, நான் பேசணும்" என்றாள் டாக்டர். பிறகு சொன்னாள்: இது வேலை செய்த வலி இல்லை, வயசு வலியும் இல்லை, உடம்பைக் காக்க வேண்டிய காவல்காரனுக்குப் புத்தி பிசகி வீட்டுக்காரியையே அடிக்கிறான், அவன் கையைக் கட்ட வேண்டும், அதற்கு மருந்து உண்டு. மஞ்சள் நிறத்தில் சின்ன மாத்திரை, வாரத்தில் ஒரே ஒரு நாள், தவறிப்போய் தினமும் போட்டால் உயிருக்கே ஆபத்து, வேறொரு நாள் இன்னொரு மாத்திரை, அவ்வப்போது ரத்தப் பரிசோதனை, பலன் தெரிய மாதக்கணக்கில் ஆகும், அதுவரை பொறுக்க வேண்டும், நன்றாகிவிட்டது என்று நீங்களாக நிறுத்தக் கூடாது. "நிறுத்திட்டு வந்து என் முன்னாடி நிக்கக் கூடாது" என்று அதையே இன்னொரு தரம் சொன்னாள்.

உலகம்மாள் பொறுத்தாள். கார்த்திகையில் வீக்கம் வடிந்தது, மார்கழியில் கோலம் கோணாமல் வந்தது, தை பிறந்து ஒரு செவ்வாய்க்கிழமை கண்விழித்தபோது விரல்கள் சின்னப் பெண்ணின் விரல்கள்போல விரிந்துகொண்டன, வாசல் கதவு இறுகிக்கொண்டது.

அதிலிருந்து தினமும் அப்படித்தான். ஆசாரி வந்து கதவை இழைத்தார், இடைவெளியில் தெரு தெரியும் அளவுக்கு இழைத்த பிறகும் கதவு அசையவில்லை. கீலுக்குத் தேங்காயெண்ணெய் விட்டார்கள், கிரீஸ் தடவினார்கள், ஆவுடையப்பன் தைலம்கூடப் பூசிப் பார்த்தான். ராத்திரியே திறந்து போட்டுவிட்டுப் படுத்தார்கள், தூக்கத்தில் கை மடங்குவதுபோல அது விடியுமுன் தானாகவே சாத்திக்கொண்டது, கயிறு கட்டினால் கயிறு அறுந்தது. பின்வாசல் வழியாகப் போகலாமே என்றால் ஆனைவாரியில் வீடுகளெல்லாம் முதுகோடு முதுகு ஒட்டிக் கட்டியவை, வீட்டுக்கு ஒரே வாசல்தான். வெந்நீர் ஒன்றுக்குத்தான் அது மசிந்தது, கீலில் சட்டி வெந்நீரை ஊற்றினால் ஒரு மணி நேரம் என்பது பத்து நிமிடமாகக் குறையும் என்பதை உலகம்மாள்தான் கண்டுபிடித்தாள், அவளுக்குத்தானே அந்த வலியோடு பழக்கம், ஆனால் ஊற்றினால் மறுநாள் இரட்டிப்பு நேரம் பிடித்துக்கொண்டதால் அதை விட்டுவிட்டாள், ஊருக்கும் சொல்லவில்லை.

புருஷனும் பெண்டாட்டியுமாக டாக்டரிடம் போனார்கள். ஆவுடையப்பன் கதவைப் பற்றி மூச்சுவிடாமல் முறையிட்டான்.

"நான் மனுஷங்க மூட்டுக்குப் படிச்சவ. கதவுக்கு ஆசாரிகிட்ட போங்க" என்றாள் டாக்டர். அப்புறம் உலகம்மாளின் கணுக்களை அழுத்திப் பார்த்தாள், முகம் சுளிக்கவில்லை என்பதைக் கவனித்தாள். "கதவு திறக்க எவ்வளவு நேரம் ஆகுது?"

"ஒரு மணி நேரம்."

"உங்களுக்கு எவ்வளவு ஆச்சு?"

"ஒரு மணி நேரம்."

"அப்போ கூடல. மாத்திரை வேலை செய்யுது, நிறுத்தாதீங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டாள்.

தை போய் மாசி முடிவதற்குள் தெருவுக்கு நாலைந்து கதவு அப்படி ஆனது. சிக்குன்குனியா வந்துபோன பிறகு நிமிராமல் கிடந்த முதலியார் வீட்டம்மா நிமிர்ந்தாள், முதலியார் வீட்டுத் தேக்குக் கதவு படுத்தது. விடியற்காலையில் இடுப்பு பிடித்துக்கொண்டு கட்டிலிலிருந்து உருண்டு இறங்கிய வாலிபப் பையன்கள் எழுந்து பந்து விளையாடக் கிளம்பினார்கள், வெளியே போக முடியாமல் கதவுக்குள்ளேயே ஒரு மணி நேரம் பந்தைத் தட்டிக்கொண்டிருந்தார்கள். புதிதாகக் கல்யாணமாகி வந்த ஒருத்தி விரல் வீங்கிய மறுமாதமே டாக்டரிடம் போய்விட்டாள், அவள் வீட்டுக் கதவு லேசாகக் கிரீச்சிட்டதோடு சரி, சீக்கிரம் வந்தால் இவ்வளவுதான் என்றாள் டாக்டர், அதை ஊர் காதில் வாங்கவில்லை. சண்முகக்கனி என்பவள் மட்டும் கெட்டிக்காரத்தனமாக, புருஷன் வீட்டுக் கதவுக்கு வம்பு வரக் கூடாதென்று வாராவாரம் அம்மா வீட்டுக்குப் போய் மாத்திரை போட்டுக்கொண்டாள், அம்மா வீட்டுக் கதவு பிடித்துக்கொண்டது. மாத்திரை எந்த வாசலுக்குள் விழுங்கப்படுகிறதோ அந்த வாசலுக்குத்தான் வலி போகும் என்று அதிலிருந்து ஊருக்குத் தெரிந்தது. கோபத்தில் ஒருத்தன் கதவைக் கோடாலியால் பிளந்து அடுப்பில் வைத்தான், அடுத்த நாள் காலை அவன் பெண்டாட்டியின் இரண்டு கையும் பழையபடி மூடிக்கொண்டன, அவன் புதுக் கதவு செய்துவந்து மாட்டும்வரை திறக்கவில்லை.

ஊர் எதற்கும் பழகும். பால்காரர் ஜன்னல் வழியாகப் புனல் வைத்துப் பால் ஊற்றினார், பள்ளிக்கூட மணி தாமதமாக அடித்தது, உலகம்மாள் இடியாப்பத்தை வாழையிலையில் சுருட்டி ஜன்னல் கம்பிக்கு வெளியே நீட்டி வியாபாரம் பார்த்தாள். பெண் பார்க்க வருகிறவர்கள் ஜாதகத்தோடு நிற்காமல் விடியற்காலையில் வந்து தெருவில் நின்று கதவையும் பார்த்தார்கள், கதவு வழுக்கிக்கொண்டு திறக்கிற வீடுதான் நல்ல குடும்பம், அடக்கமான பொம்பளைகள் இருக்கிற வீடு என்று பேர் வந்தது. ஆனால் பழகினானே தவிர ஒருவனும் பொறுக்கவில்லை. ஒரு மணி நேரம் என்றால் எவ்வளவு நீளம் என்பது ஆனைவாரி ஆம்பளைகளுக்கு அந்த வருஷம்தான் தெரியவந்தது, தெரிந்ததும் அவர்களுக்கு வந்தது இரக்கம் இல்லை, எரிச்சல். அவள் உடம்பிலேயே அது கிடந்தபோது யாருக்கு என்ன தொந்தரவு இருந்தது, டாக்டர் எடுத்து எங்கள் வாசலில் போட்டுவிட்டாளே என்று டீக்கடையில் உட்கார்ந்து வெளிப்படையாகவே கேட்டார்கள். டாக்டரின் போர்டில் தார் பூசினார்கள். மருந்துக்கடைக்காரர் மஞ்சள் மாத்திரை ஸ்டாக் இல்லை என்று கையை விரித்தார், டாக்டர் வாராவாரம் தென்காசி போய்த் தானே வாங்கிவந்து கொடுத்தாள். தாரை அவள் துடைக்கவில்லை. வலிக்கிறவர்களுக்கு இடம் தெரியும் என்றாள்.

ஆவுடையப்பனின் முதலாளி அவனை முதல் ட்ரிப்பிலிருந்து எடுத்தார். அன்றைக்கு அவன் வீட்டுக்கு வந்து அரிசிப்பானைக்குப் பின்னால் இருந்த மாத்திரைகளை எடுத்து, உலகம்மாள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே சாக்கடையில் கொட்டினான்.

"கதவ மூடிட்டு ஒரு மாத்திரையா?" என்றான். "உன் கை பெருசா, குடும்பம் பெருசா?"

அவள் சண்டை போட்டிருக்கலாம். அவனுக்கு முதல் ட்ரிப் பறிபோன அன்றைக்கு எப்படிப் போடுவது என்று விட்டாள், அந்த விட்டுக்கொடுத்தலை நினைத்தால் இன்றைக்கும் அவளுக்கு வயிறு எரியும். பங்குனி வெயிலோடு வலி திரும்பி வந்தது. முன்னே இருந்த அளவுக்கு வந்தால் பரவாயில்லை, போன நாட்களுக்கும் சேர்த்துக் கேட்டுக்கொண்டு வந்தது, டம்ளரைப் பிடிக்க முடியவில்லை, தலை சீவ முடியவில்லை, ஜாக்கெட் ஊக்கைப் பக்கத்து வீட்டுக்காரி வந்து மாட்டிவிட்டாள். கதவு வெண்ணெய்போலத் திறந்தது. ஆவுடையப்பன் திரும்பக் கிடைத்த முதல் ட்ரிப்புக்குப் போகும்போது ஒரு விரலால் கதவைத் தள்ளிக் காட்டி, "பாத்தியா, எப்பிடித் திறக்குது" என்று சந்தோஷமாகச் சொன்னான். உலகம்மாள் வெந்நீர்ச் சட்டிக்குள் கையை வைத்தபடி அவனைப் பார்த்தாள். அவனை அவள் அப்படி வெறுத்தது அதுவரை இல்லை.

ஒரு நாள் உரலைத் திருகும்போது வலது மோதிர விரலுக்குள் நூல் அறுந்த மாதிரி ஒரு சத்தம் கேட்டது. விரல் தொங்கியது, நிமிர்த்தினால் நின்றது, விட்டால் விழுந்தது.

"யாரு நிறுத்தச் சொன்னது?" என்று கேட்டாள் ஜெயசீலி டாக்டர். கத்தவில்லை, அதுதான் பயமாக இருந்தது. "விரலை நிமிர்த்துற நாண் அறுந்துபோச்சு. ஆபரேஷன் செஞ்சாலும் பழையபடி வரும்னு நான் சொல்ல மாட்டேன். மத்ததைக் காப்பாத்தலாம். இனிமே நிறுத்துவீங்களா?"

"நிறுத்த மாட்டேன்."

"உங்க வீட்டுக்காரரு நிறுத்தச் சொன்னா?"

"அவர நிறுத்திருவேன்."

டாக்டர் முகத்தில் சிரிப்பு மாதிரி ஏதோ வந்ததை உலகம்மாள் அன்றுதான் பார்த்தாள், வந்த வேகத்தில் போய்விட்டது. வெளியே வரும்போது, பின்பக்கச் சந்து வழியாக ஒருவர் தலையில் துண்டைப் போர்த்திக்கொண்டு அவசரமாக இறங்கிப் போவதைக் கண்டாள். நடை தெரிந்த நடையாக இருந்தது, ஆனால் விரல் போன துக்கத்தில் அவள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

மாத்திரையை மறுபடியும் தொடங்கினாள், ஒளித்து வைக்காமல் சாமி படத்துக்குக் கீழே வைத்தாள், ஆவுடையப்பன் அந்தப் பக்கம் கையை நீட்டியபோது அறுந்த விரலை அவன் முகத்துக்கு நேரே நீட்டினாள். அவன் கையை எடுத்துக்கொண்டான். ஆனியில் விரல்கள் விரிந்தன, கதவு மூடியது, ஊர்க் கூட்டம் கூடியது.

ஊர்ச் சங்கத் தலைவர் திரவியம்தான் அம்மன் கோயிலுக்கும் தர்மகர்த்தா. கொஞ்ச வருஷமாக அவர் எந்நேரமும் இரண்டு கையையும் தோள்துண்டுக்குள் சுருட்டி வைத்துக்கொண்டுதான் நிற்பார், யார் கும்பிட்டாலும் கையை எடுக்காமல் தலையை மட்டும் ஆட்டுவார், அது பெரிய மனுஷத் தோரணை என்று ஊர் நினைத்திருந்தது. அன்றைக்கு அவர் துண்டைத் தோளில் எறிந்துவிட்டு, மேஜையில் படார் படாரென்று அடித்துப் பேசினார். ஆடிக் கடைசி வெள்ளி விடியுமுன் அம்மன் வீதிக்கு வருகிறாள், வருஷத்தில் ஒரு நாள் தெருத்தெருவாக வருகிறவளை எந்த வீடும் சாத்திய கதவோடு பார்க்கக் கூடாது, சாத்திய கதவு சாவு வீடு, சாவு வீட்டைத் தாண்டி அம்மன் போக மாட்டாள். ஆகவே மாத்திரை போடுகிற பொம்பளைகள் இன்றோடு நிறுத்த வேண்டும், டாக்டர் ஊரைக் காலி செய்ய வேண்டும், அன்று எந்த வீட்டுக் கதவு மூடியிருக்கிறதோ அந்தக் குடும்பத்துக்கு ஊரில் தண்ணி கிடையாது, கல்யாணம் கிடையாது, சாவுக்குத் தோள் கிடையாது. கை தட்டினார்கள். திரவியமும் சேர்ந்து தட்டினார், நன்றாக, பலமாகத் தட்டினார். பின்வரிசையில் நின்ற உலகம்மாள் அந்தக் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வீட்டுக்கு வந்ததும் ஆவுடையப்பன், "நாலு வாரம் நிறுத்து. சாமி போனப்புறம் போட்டுக்க. இல்லன்னா நாளைக்கு நான் செத்தா எடுக்கிறதுக்கு நாலு பேரு வர மாட்டான்" என்றான்.

"மினி பஸ்ஸு இருக்குல்லா, அதுல ஏத்திருவோம்" என்றாள் உலகம்மாள்.

சொல்லிவிட்டாளே தவிர பயம் இல்லாமல் இல்லை. மகள் செங்கோட்டையிலிருந்து போனில் அழுதாள். ஊர்க் குழாயில் தண்ணி கிடையாது என்றால் மாவு எதில் பிசைவது என்று யோசித்தாள். சண்முகக்கனி நிறுத்திவிட்டாள், முதலியார் வீட்டம்மா நிறுத்திவிட்டு மறுபடியும் குனிந்து நடந்தாள். உலகம்மாள் ஒவ்வொரு வாரமும் மஞ்சள் மாத்திரையை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் நிற்பாள், அறுந்த விரலைப் பார்ப்பாள், விழுங்குவாள்.

அந்த அம்மன் கோயில் செவ்வாய், வெள்ளி சாயங்காலங்களில் மட்டும் திறக்கிற சின்னக் கோயில், ஒரே ஒரு கதவு, சாவி தர்மகர்த்தாவிடம். ஆடிக் கடைசி வெள்ளிக்கு முந்தின ராத்திரி அம்மன் உள்ளே குளிக்கிறாள் என்பதால் நடையைச் சாத்திவிட்டு ஊரே விலகிவிடும், விடியுமுன் வந்து திறந்து அவளைச் சப்பரத்தில் ஏற்றுவார்கள். கதவு பிடித்துக்கொள்ளும் வீட்டுக்காரர்கள் முந்தின நாளே வெளியே வந்து மைதானத்தில் படுத்தார்கள். விடியுமுன் பெண்கள் பொங்கலுக்குக் கல் கூட்டி அடுப்பு மூட்டினார்கள், உலகம்மாளை மட்டும் எல்லோருக்கும் தள்ளி, வேப்பமரத்தடியில் அடுப்பு வைக்கச் சொன்னார்கள். அவள் பானையில் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது. சப்பரம் பூ அலங்காரத்தோடு நின்றது, மேளக்காரர் நின்றார், தூக்குகிறவர்கள் தோளைத் தட்டிக்கொண்டு நின்றார்கள். திரவியம் வெள்ளை வேட்டியோடு முன்னால் வந்து, சாவியைப் போட்டுத் திருப்பி, இரண்டு கையாலும் கதவைத் தள்ளினார்.

கதவு திறக்கவில்லை.

இன்னொரு தரம் தள்ளினார். பூசாரி தள்ளினார், சப்பரம் தூக்குகிறவர்கள் எட்டுப்பேர் தோளைக் கொடுத்துத் தள்ளினார்கள். கதவு உள்ளுக்குள்ளே ஒரு முனகல் முனகியது. அந்த முனகலைக் கூட்டத்தில் எல்லோரும் கேட்டார்கள், உலகம்மாள் மட்டும் அதை அடையாளம் கண்டுகொண்டாள். சந்து வழியாகப் போன நடை, துண்டைவிட்டு வெளியே வந்த கைகள், ஞாயிற்றுக்கிழமைதோறும் விளக்கு பார்க்கிறேன் என்று சாவியோடு தனியாகக் கோயிலுக்குள் போய்வருகிற தர்மகர்த்தா. தன் வீட்டுக் கதவு கெட்டுவிடக் கூடாதென்று அம்மன் வீட்டுக்குள் வந்து மாத்திரை விழுங்கியிருக்கிறான் மனுஷன்.

கிழக்கு வெளுத்தது. டாக்டர் சூனியம் வைத்துவிட்டாள் என்று ஒருவன் கத்தினான், அவளை இழுத்துக்கொண்டு வருவோம் என்று நாலுபேர் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் திரும்பினார்கள், ஒருவன் கையில் உருட்டுக்கட்டை இருந்தது. உலகம்மாள் அடுப்படியிலிருந்து எழுந்து, தள்ளி நிற்கச் சொன்ன இடத்தைத் தாண்டி, கூட்டத்தை விலக்கிக்கொண்டு நேராகத் திரவியத்தின் முன்னால் போய் நின்றாள். திட்டுவதற்குத்தான் போனாள். வாயைத் திறந்தபோது வந்தது வேறு.

"தலைவரே, காலையில எந்திரிச்சதும் கை விரிய எவ்வளவு நேரம் ஆகும்?"

டாக்டரின் அதே குரலில், அதே சிடுசிடுப்பில், ஒரு துளி பரிதாபம் இல்லாமல் கேட்டாள். வருஷக்கணக்கில் வலித்துக் கிடந்து ஒரே ஒரு முறை அந்தக் கேள்வி கேட்கப்பட்டவர்களுக்கு அதற்குப் பொய் சொல்ல வராது. திரவியம் அவளைப் பார்த்தார், கண் கலங்கியது, ஊர் முன்னால் நிற்கிறோம் என்பது அவருக்கு மறந்துபோனது.

"ஒரு மணி நேரம்" என்றார்.

மேளக்காரர் கையைக் கீழே போட்டார். உருட்டுக்கட்டை வைத்திருந்தவன் அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றான். திரவியத்தின் மனைவி புருஷனின் இரண்டு கைகளையும் எடுத்துப் பார்த்தாள், அப்புறம் உதறினாள். சூரியன் கிளம்பியது, சாத்திய கதவைக் கண்டதும் பழக்க தோஷத்தில் ஒரு கிழவி கொண்டையை அவிழ்த்து அழ ஆரம்பித்தாள், அம்மனுக்கே ஒப்பாரியா என்று நாலு பேர் அவள் வாயைப் பொத்தினார்கள். அப்புறம் ஊர் நின்றது. சப்பரத்துக்கு அடியில் நின்றது, பொங்கல் அடுப்புப் புகையில் நின்றது, குழந்தைகள் பசித்து அழ அழ நின்றது.

வேப்பமரத்தடியில் உலகம்மாளின் பானை நிறைய வெந்நீர் கொதித்துக்கொண்டிருந்தது. எடுத்துப் போய்க் கீலில் ஊற்றினால் பத்து நிமிடம். அவளுக்கு அது தெரியும், ஆவுடையப்பனுக்கும் தெரியும், அவன் பானையைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். அவள் இன்னொரு விறகை அடுப்புக்குள் தள்ளிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். நிற்கட்டும் என்று நினைத்தாள். அவளுக்கு அன்றைக்குப் போல நிம்மதியான காலை வாழ்க்கையில் வாய்த்ததில்லை.

ஒரு மணி நேரம் கழித்து அம்மன் கதவு தளர்ந்தது. சப்பரம் கிளம்பித் தெருவுக்குள் வந்தபோது வெயில் ஏறியிருந்தது, பிடித்துக்கொண்ட கதவுகளெல்லாம் தளர்ந்துவிட்டன, உலகம்மாள் வீட்டுக் கதவும் மல்லாந்து திறந்து கிடந்தது, ஊர்விலக்குச் செய்ய ஆனைவாரியில் ஒரு வீடுகூடக் கிடைக்கவில்லை.

ஒருவரும் மன்னிப்புக் கேட்கவில்லை. அடுத்த வருஷத்திலிருந்து அம்மன் ஒரு மணி நேரம் தாமதமாகத்தான் கிளம்புகிறாள், அவள் எப்போதுமே நிதானமாகக் குளிக்கிறவள்தான் என்று ஊர் சொல்கிறது. சண்முகக்கனியும் முதலியார் வீட்டம்மாவும் மாத்திரைக்குத் திரும்பினார்கள். ஜெயசீலி டாக்டரின் போர்டில் தார் அப்படியேதான் இருக்கிறது, திரவியம் இப்போது முன்வாசல் வழியாகப் போகிறார், ஆனால் வணக்கம் சொல்வதில்லை, அவளும் எதிர்பார்ப்பதில்லை. உலகம்மாள் தெருவில் நடக்கும்போது விடியலில் வழுக்கிக்கொண்டு திறக்கும் என்று பேர் வாங்கிய கதவு எதையாவது கண்டால் நின்றுவிடுகிறாள், உள்ளே யாரோ தினமும் விடியுமுன் வெந்நீர்ச் சட்டிக்குள் கைவைத்து உட்காருகிறாள் என்று அவளுக்குத் தெரியும், வாசலில் நின்றபடியே சத்தமாக, "எவ்வளவு நேரம்?" என்று கேட்கிறாள், சில வீடுகளில் கதவை முகத்துக்கு நேரே சாத்துகிறார்கள்.

ஆவுடையப்பனுக்கு இரண்டாவது ட்ரிப்தான். விடிந்ததும் சட்டையை மாட்டிக்கொண்டு, மூடிய கதவுக்கு முன்னால் பெஞ்சைப் போட்டு அவன் உட்கார்ந்திருக்கும்போது அவள் டீ கொண்டுவருகிறாள். இடது கை சும்மாதான் இருக்கிறது, ஆனால் டம்ளரை எப்போதும் வலது கையில்தான் நீட்டுகிறாள். நிமிராத அந்த விரலை விலக்கிக்கொண்டுதான் ஒவ்வொரு நாளும் அவன் டீயை வாங்க வேண்டியிருக்கிறது.